எண்ணெய்ச்சட்டி வைக்காத வீடு

– ஏ பிலோமி, எண்ணெச்சட்டிய எங்க கொண்டுபோயி ஒளிச்சு வச்சிருக்க?

– ஒளிக்கவெல்லாம் இல்ல. கழுவித் தொடச்சுப் பரண்ல கவுத்திருக்கேன். துட்டி வீட்டுல வருசம் திரும்புற மட்டும் அதுக்கு அங்கனதான் எடம்.

– காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா? இன்னைக்குப் புயல் கரைக்கு வருது, மலைச் சரிவுல இருக்கவுக சூதானமா இருங்கன்னு பஞ்சாயத்து ஜீப்பு மைக்கு வச்சுக் கத்திட்டுப் போகுது. மழை புடிச்சா கரண்டு நிக்காது, வெறகு எரியாது. நாளை மறுநாள் கிறிஸ்மசு. இன்னைக்கு விட்டா முந்திரிக்கொத்து சுட முடியாது, கேட்டியா?

– சுட முடியாட்டி சுட வேண்டாம். எழவு விழுந்த வீட்டுல பலகாரம் சுட்டா ஊரு காறித் துப்பும்.

– எந்த எழவு? யாரு எழவு?

– அத எங்கிட்டயா கேக்கறீக? மே மாசம் கோயில் வாசல்ல மாதா கெபி முன்னால, செபமாலை முடிஞ்சு அம்புட்டு சனமும் நிக்கையில கையத் தூக்கிக்கிட்டு யாரு சத்தம் போட்டது? ‘எனக்கு இருந்த ஒத்த மகன் பினு இன்னையோட செத்துட்டான், இனி அவன் பேர எவனும் எங்கிட்டச் சொல்லாதீக’ன்னு சொன்னது நீங்கதான? இல்ல, உங்கள மாதிரியே வேற ஆளு யாரும் வந்துச்சா?

– அது ஒரு கோவத்துல வந்தது.

– சரி. கோவத்துல வந்துச்சு, தப்பா வந்துச்சு, எம் மகன் உசுரோடதான் இருக்கான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. இப்பவே ஏணி போட்டு ஏறி நானே சட்டிய எறக்கறேன்.

– சொன்ன சொல்லத் திருப்பி வாங்குற வழக்கம் எனக்குக் கெடையாது. ஏலத்தோட்டத்துல இம்புட்டு வருசமா சூப்பர்வைசரா நிக்கறேன். மிக்கேல்ராஜ் ஒண்ணு சொன்னா அது நிக்கும்னுதான் ஆளுக சொல்லுவாக.

– நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். அப்ப இது துட்டி வீடு. துட்டி வீட்டுக்கு என்ன மொறையோ அத நான் பாக்கறேன். உங்க ஐயா தவறின வருசம் இதே அடுப்புல எண்ணெச்சட்டி வச்சமா? தெருவுக்குத் தட்டு அனுப்புனமா? அக்கம்பக்கத்துல கொண்டாந்து குடுத்ததத்தான தின்னோம்.

– எங்க ஐயா கல்லறையில இருக்காரு. இவன் பொள்ளாச்சிக்கு அங்கிட்டுப் பெருமாட்டியில மாமனார் தென்னந்தோப்புல எளநி குடிச்சுக்கிட்டுல்ல இருக்கான்!

– அப்படியா? செத்தவுக எளநி குடிப்பாகளா? எனக்குத் தெரியாதே.

– ஏ புள்ள, வாயக் கெளறாத. தீவாளிக்கு இந்தத் தெருவுல அம்புட்டு வீட்டுலருந்தும் நமக்குத் தட்டு வந்துச்சா இல்லையா? கிறிஸ்மசுக்கு நம்ம வீட்டுத் தட்டு போகலேன்னா என்ன நெனப்பாக?

– துட்டி வீடுன்னு நெனப்பாக.

– சரி, நீ செய்யாட்டிப் போ. எனக்குக் கையில்லையா, காலில்லையா? பயறு வறுத்து மில்லுல குடுத்துத் திரிச்சு நானே வாங்கிட்டு வந்துட்டேன். வெல்லம் இருக்கு, தேங்கா இருக்கு. நானே சுடறேன். நீ இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத.

– எட்டிப் பாக்க மாட்டேன். இந்த முக்காலியப் போட்டு இங்கனயே உக்காந்து முழுசாப் பாக்கறேன். கை மட்டும் வைக்க மாட்டேன்.

– பாரு. நல்லாப் பாரு. எங்க அந்த ஏணி? ஆங். சட்டி வந்துருச்சு. இதுல எம்புட்டு எண்ணெ ஊத்தணும்?

– துட்டி வீட்டுக்காரிக்கு அதெல்லாம் மறந்து போச்சு.

– நீ சொல்ல வேண்டாம். முக்காச்சட்டி ஊத்துனா வேகாம எங்க போகும்? மொதல்ல பாகு காய்ச்சணும். வெல்லத்தத் தட்டிப் போட்டு... தண்ணி ஒரு செம்பு இருக்கட்டும்.

– ஒரு செம்பா!

– என்னமோ சொன்னியே?

– ஒண்ணும் சொல்லல. தகரம் சடசடங்குது, காத்து எறங்கிருச்சு போலன்னேன்.

– தகரத்து மேல ரெண்டு கல்லு ஏத்தி வச்சிருக்கேன், பறக்காது. அந்த ஏலக்காய எடு. வேண்டாம், நீ எடுக்க மாட்ட, நானே எடுக்கறேன். நம்ம வீட்டுல ஏலக்காய்க்கா பஞ்சம்? ஒரு கை அள்ளிப் போட்டு நுணுக்குனா தெருவுக்கே மணக்கும்.

– யேசுவே, தோலோடவா? கசந்து போயிருமே!

– கை வைக்க மாட்டேன்னவ வாயி மட்டும் வைக்கலாமாக்கும்?

– வைக்கல. நல்லா அள்ளிப் போடுங்க. கசப்பும் துட்டி வீட்டுக்கு ஏத்ததுதான்.

– இந்தா பயத்தமாவக் கொட்டிட்டேன், தேங்காயும் கொட்டிட்டேன், பாக ஊத்திட்டேன். கிண்டறேன். இனி உருண்டை புடிக்கணும். எப்படிப் புடிச்சாலும் ஏன் பிலோமி இப்படித் தட்டையா உக்காருது?

– துட்டி வீட்டுக்காரிய எதுக்குக் கேக்கறீக?

– ஏ, உங்கிட்டத்தான் கேக்கறேன். மண்ணு மாதிரியில்ல சரியுது.

– மழைக்காத்துல பாகு எளகத்தான் செய்யும். அதுக்குத்தான் தண்ணி ஒட்டக் கொறச்சு... ம்ஹூம். நான் எதுக்குச் சொல்லணும்? எனக்கு அது சொல்லாத இது சொல்லாதன்னு ஏழெட்டுச் சட்டம் போட்டீகல்ல? அவன் பேரச் சொல்லாத, போன் பண்ணாத, அவன் போட்டாவக் கழட்டு. எல்லாம் கேட்டேன். இதுவும் கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கேன்.

– எனக்கென்ன அவன் கல்யாணம் முடிச்சதா கொற? நம்ம வேதத்துல இல்லாத பொண்ணுன்னுதான் நான் குதிச்சேன்னு நீயும் நெனச்சுக்கிட்டிருக்க. அது இல்ல, கேட்டியா? லோடு எறக்கப் போன எடத்துல ஒரு பொண்ணப் பாத்து, பேசி, ரிஜிஸ்தர் ஆபீசுல கையெழுத்தும் போட்டுட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. டீக்கடையில எவனோ ஒருத்தன் ‘மருமக எந்த ஊருண்ணே’ன்னு எங்கிட்டக் கேக்கறான். எனக்குத் தெரியல. பெத்தவனுக்குத் தெரியல. கையில இருந்த கிளாசக் கீழ வைக்கக்கூட வரல எனக்கு.

– அது எனக்குத் தெரியாதா? அன்னைக்கு நீங்க சோறு திங்காமப் படுத்தது எனக்குத் தெரியும். அவன் பண்ணுனது தப்பு. அத அவன் மூஞ்சியப் பாத்துத் திட்டிருக்கலாம். ரெண்டு அறைகூட அறைஞ்சிருக்கலாம். செத்தான்னு சொல்லலாமா? பெத்த வாயி சொல்லலாமா அத?

– எண்ணெ காஞ்சிருச்சு.

– காயட்டும்.

– மேல்மாவு கரைச்சுட்டேன். அரிசிமாவு, மஞ்சத்தூளு, உப்பு. மூணு மூணு உருண்டையா முக்கிச் சேத்துப் போடணும், அப்பத்தான் கொத்து. அது எனக்குத் தெரியும். இந்தா, மொதக் கொத்து. பாத்தியா, எப்படி மெதக்குது... ஏ, ஏ, என்ன இது! ஒடையுதே! நொரைச்சுக்கிட்டு வருதே! பிலோமி!

– தீயத் தணிங்க! வெறக இழுங்க! கையச் சுட்டுக்காதீக!

– மாதாவே, அம்புட்டும் சட்டியில தூளாப் போச்சு.

– அண்ணே! மதினி! கதவத் தொறங்க. காத்து என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும் போலருக்கு!

– யாரது? அழகுத்தாயா? உள்ள வா தாயி. இந்த மழையில கையில என்னத்த மூடிக்கிட்டு வர்ற?

– ஆத்தாடி, என்னண்ணே நீங்க அடுப்படியில? மேலெல்லாம் மாவா இருக்கு. என்ன மதினி இது, புகை மண்டுது?

– கேளு அழகு, உங்க அண்ணன்கிட்டயே கேளு.

– இது... நான் சும்மா... நீ மொதல்ல தட்டுல என்னன்னு சொல்லு.

– அதிரசமும் முறுக்கும்ணே. கற்பகம் வீட்டுல சீடை போடறாக, அதுவும் பின்னால வரும். இந்த வருசம் உங்க வீட்டுல எண்ணெச்சட்டி வைக்கலன்னு மதினி சொன்னாக. பக்கத்து வீட்டுக்காரின்னு ஒருத்தி இருந்துக்கிட்டு வெறும் வாயோட உங்கள விடலாமா? புயலு வந்தா வெளிய தலைநீட்ட முடியாதுன்னு இப்பவே சுட்டுக் கொண்டாந்துட்டேன்.

– துட்டி வீட்டுக்குக் குடுக்குற பலகாரமா இது?

– மொற அதானண்ணே.

– யாரு செத்துட்டான்னு கொண்டாந்த நீ?

– ஆத்தாடி, அத நானில்ல உங்ககிட்டக் கேக்கணும்! எனக்கென்ன தெரியும்? போன ஞாயித்துக்கெழம எம் மகன் லோகேசுகிட்ட பினு போன்ல அரைமணி நேரம் பேசுச்சு. வண்டி, டயரு, டீசலுன்னு ஒரே பேச்சு. செத்த பிள்ளை பேசுற மாதிரி இல்ல. பெறகு மதினி வந்து சட்டி வைக்கலங்காக. சரி, நமக்குத் தெரியாம என்னமோ நடந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எதுக்கும் ஒரு தட்டு குடுத்துருவோம்னு வந்தேன்.

– இவ ஒரு விசனத்துல என்னத்தையோ சொல்லிருக்கா. நீ அத நம்பிக்கிட்டு...

– நம்பாம என்ன செய்ய? கோயிலுக்கு மதினிகூடப் போனது நான்தான? செத்தவுகளுக்கு வைக்கற பூசைக்குச் சொல்லணும், தொணைக்கு வா அழகுன்னாக. நான் வாசல்ல நின்னேன், அவுக உள்ள போயி ஜோபி ஃபாதர்கிட்டச் சொல்லிட்டு வந்தாக. நாளைக்குச் சாயங்காலப் பூசையில சனம் கேக்கப் பேரு வாசிப்பாகளாமே?

– என்னது?

– நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதோ, மதினி?

– தொறக்கட்டும் அழகு. மூடி மூடி என்னத்தக் கண்டோம்?

– பிலோமி. கோயில்ல போயிப் பூசைக்குச் சொல்லிட்டு வந்தியா நீ?

– சொன்னேன்.

– செத்தவுகளுக்கான பூசை?

– ஆமா.

– பைத்தியமாடி புடிச்சிருக்கு உனக்கு! உசுரோட இருக்குற புள்ளைக்கா பூசை சொல்லிட்டு வந்த? எம் மகன் கல்லு மாதிரி இருக்கான்! மழையில வண்டி ஓட்டுறவன், நாலு மலை ஏறி எறங்குறவன். அவன் ஆத்தா நீ, உன் வாயால அவன் பேர அந்தப் பூசைக்குக் குடுப்பியா? எம் மகன் இருக்கான்டி! பினு இருக்கான்! எவ சொன்னா செத்தான்னு?

– அழகு, கேட்டியா?

– கேட்டேன் மதினி. காத்துச் சத்தத்தையும் மீறி நல்லாவே கேட்டுச்சு. இந்நேரம் கற்பகம் வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

– அப்ப சரி. அந்த அரிகரண்டிய எட்டி எடு. நீங்க தள்ளுங்க அங்கிட்டு.

– எங்க தள்ள? நீ கை வைக்க மாட்டேன்னல்ல?

– துட்டி வீட்டுலதான் வைக்க மாட்டேன். தள்ளுங்க. அந்தத் தூளெல்லாம் அரிச்சு எடுத்து, எண்ணெய வடிகட்டணும். உருண்டை மாவுல வறுத்த பயத்தமாவு இன்னும் ரெண்டு கை போட்டுப் பெசஞ்சா புடிக்க வரும். மேல்மாவு தண்ணியா இருக்கு, தோசைமாவு கெட்டியிலதான் இருக்கணும். ஏலக்காத் தோலப் பொறுக்கறது உங்க வேலை. ஒண்ணு விடாமப் பொறுக்குங்க.

– அண்ணே, அப்ப நான் இந்தத் தட்ட எடுத்துட்டுப் போறேன்.

– ஏ தாயி, குடுத்த அதிரசத்தத் திருப்பி எடுப்பாகளா?

– துட்டி இல்லாத வீட்டுல இதுக்கு என்ன வேலை? உங்க வீட்டுத் தட்டு மொதல்ல வரணும், பெறகுதான் என் அதிரசம். மொற மொறதான். தெருவுல சொல்லிட்டு வாரேன், மதினி. கதவச் சாத்திக்கங்க, சாரல் அடிக்குது.

– போயிட்டா. எல்லா வீட்டுலயும் சொல்லிருவா.

– சொல்லட்டும். நீங்க மே மாசம் சொன்னதும் எல்லா வீட்டுக்கும் போச்சு. இதுவும் போகட்டும். இப்ப போன எடுங்க.

– போனா? எதுக்கு?

– இருக்கான்னு தெருவுக்குச் சொல்லிட்டீக. அவனுக்கு யாரு சொல்றது? இப்ப கெளம்புனாத்தான் பொள்ளாச்சி, பழனி, தேனின்னு வந்து, கம்பம் மெட்டுல இருட்டறதுக்கு முன்னால மேல ஏற முடியும். ராத்திரி மெட்டுல மண்ணு சரிஞ்சா ரோட்ட அடைச்சிருவாக. பெறகு எத்தன நாளாகுமோ தெரியாது. எனக்கு இந்தக் கிறிஸ்மசுக்கு எம் புள்ள மூஞ்சியப் பாக்கணும். எம் மருமக மூஞ்சியப் பாக்கணும். மே மாசத்துலருந்து பாக்கணும் பாக்கணும்னு கெடக்கேன். போடுங்க.

– நீ பேசு. நான் கேக்கறேன்.

– வாயி விட்டது நீங்க. வாயாலயே கூப்புடுங்க. இந்தா, நானே அழுத்திட்டேன். கையெல்லாம் மாவா இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசுங்க.

– அலோ, யாருங்க?

– இது அவன் இல்லடி.

– பேசுங்கங்கறேன்.

– நான்... மிக்கேல்ராஜ் பேசறேன். ஆனைக்கரையிலருந்து.

– மாமாங்களா! ஏனுங்க மாமா, அங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா? மழை பலமுன்னு டிவியில சொன்னாங்க. இருங்க, அவருகிட்டக் குடுக்கறேனுங்க.

– வேண்டாம். அவன்கிட்டக் குடுக்க வேண்டாம், அவன்கிட்ட எனக்குப் பேச வராது. நீயே கேளு. அவன் என்ன செய்யறான்?

– விடியக்காலத்துலிருந்து வண்டியத் தொடச்சுட்டே இருக்காருங்க. அதுல தொடைக்க ஒண்ணுமே இல்லீங்க. எங்க போறோம்னு கேட்டா வாயே தொறக்க மாட்டீங்கறாரு. எங்கப்பா பாத்துட்டு, எதுக்கும் இருக்கட்டும்னு நாலு கொலை எளநி ஏத்தி வுட்டுட்டாருங்க.

– அப்ப... கெளம்பி வரச் சொல்லு. இப்பவே. இருட்டறதுக்குள்ள மெட்டு ஏறிரணும். ரெண்டு பேரும் வாங்க.

– ரெண்டு பேருன்னா யாருங்க மாமா?

– அதான், அவனும்... அந்தப் பொண்ணும்.

– அந்தப் பொண்ணுக்கு ஒரு பேரு இருக்குதுங்களே. நானு அந்த ஊட்டுக்கு வரோணும்னா அதைச் சொல்லிக் கூப்புடோணும்ங்க. கோவிச்சுக்காதீங்க. கூப்புடாத ஊட்டுக்குப் போயி நின்னு எனக்குப் பழக்கமில்லீங்க மாமா.

– என்னடி பிலோமி, இவளும் உன்ன மாதிரியே இருக்கா?

– நல்லதாப் போச்சு. பேரச் சொல்லுங்க.

– ஆனந்தி.

– சொல்லுங்க மாமா.

– ஆனந்தி, நம்ம வீட்டுக்கு வாம்மா. அவனையும் கூட்டிட்டு வா. மழை ரோடு, பையத்தான் ஓட்டணும்னு சொல்லு. நான்... நான் சொன்னதா சொல்லு.

– வாரோமுங்க மாமா. இந்தா, கெளம்பியாச்சு. அவரு வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருக்காருங்க. கண்ணத் தொடைக்கறாரு. அத்தைகிட்டச் சொல்லீருங்க. வெச்சிடறேனுங்க.

– வச்சுட்டா. பிலோமி, கேட்டியா? வாராக.

– கேட்டேன். அழுவாதீக, மாவுல விழுகுது. இந்தக் கொத்தப் பாருங்க, ஒடையாம எப்படி வேகுதுன்னு.

– உனக்குச் சிரிப்பா இருக்கு. நீ பண்ணி வச்சிருக்கற வேலைய நான்தான் போயிச் சரி பண்ணணும். அந்தக் குடைய எங்க வச்ச?

– எங்க கெளம்புறீக இந்த மழையில?

– கோயிலுக்குத்தான்! ஜோபி ஃபாதரப் பாத்துச் சொல்லிட்டு வந்துர்றேன். நாளைக்குச் சாயங்காலம் பினுவும் அந்தப் புள்ளையும் பூசைக்கு வந்து முன்னால நிப்பாக. செத்தவுக பேருல அவன் பேர வாசிச்சா அந்தப் புள்ள என்னத்துக்கு ஆகும்? அவன் என்னத்துக்கு ஆவான்?

– பினு பேர வாசிக்க மாட்டாக.

– நீதான சொல்லிட்டு வந்த?

– செத்தவுக பேருக்குல்ல சொல்லிட்டு வந்தேன். பினுவுக்கு என்ன? அவன் எனக்கு ஒரு நாளும் சாகல.

– பின்ன யாரு பேருக்குடி சொன்ன?

– கல்யாணம் முடிச்ச நாள்லருந்து ஒரு கெட்ட வார்த்தை பேசாம எங்கூட வாழ்ந்த மனுசன் ஒருத்தரு, மே மாசம் மாதா கெபி முன்னால போயிச் சேந்துட்டாரு. இத்தன நாளும் நான் துட்டி காத்தது அந்தாளுக்குத்தான். யாரு பேருக்குன்னு ஃபாதர் கேட்டாரு, மிக்கேல்ராஜ்னேன். அவரு எம் மூஞ்சியப் பாத்துட்டு, நோட்டுல எழுதிக்கிட்டாரு. குடை கதவுக்குப் பின்னால இருக்கு. போயி, செத்த ஆளு வீட்டுக்குத் திரும்பி வந்துட்டாருன்னு நீங்களே அவருகிட்டச் சொல்லிட்டு வாங்க.